காலியிடத்தின் விலை: வணிகக் கட்டடங்களுக்கு யாருக்காகத் தளர்கிறது விதி?

புது தில்லி: ஒரு வணிக வளாகத்துக்கும் அதன் சுற்றுச்சுவருக்கும் இடையே விடப்படும் சில மீட்டர் வெற்றிடத்தைப் பற்றி நாடாளுமன்றத்தில் யாரும் உணர்ச்சிவசப்பட்டுப் பேசுவதில்லை, தேர்தல் மேடைகளிலும் அது இடம்பெறுவதில்லை. ஆனால், கடந்த கால் நூற்றாண்டில் தலைநகர் தில்லியின் அரசியலை உலுக்கிய பிரச்னைகளில் ஒன்று அந்த வெற்றிடத்திலிருந்தும், அதையொத்த கட்டட விதிகளிலிருந்தும் பிறந்தது. அதற்காகக் கடைகளுக்கு சீல் வைக்கப்பட்டது; துப்பாக்கிச் சூடு நடந்தது; சட்டங்கள் அவசரமாக நிறைவேற்றப்பட்டன; உச்ச நீதிமன்றமும் மத்திய அரசும் நேருக்கு நேர் நின்றன.

கட்டட விதிகளில் "செட்பேக்' என்று அழைக்கப்படும் இந்தத் திறந்தவெளியை மனையின் நான்கு புறமும் விட வேண்டும் என்பது பொது விதி. வெளிச்சம், காற்றோட்டம், மழைநீர் வடிகால், வாகன நிறுத்தம், எதிர்காலச் சாலை விரிவாக்கம், எல்லாவற்றுக்கும் மேலாகத் தீயணைப்பு வண்டி உள்ளே வந்து திரும்புவதற்கான வழி ஆகியவை இதன் நோக்கங்கள். நிலத்தின் விலை ஏற ஏற, இந்த வெற்றிடத்தின் விலையும் ஏறுகிறது. கரோல் பாக், லாஜ்பத் நகர் போன்ற வணிகப் பகுதிகளில் ஒரு மீட்டர் அகலத்தை விட்டுக்கொடுப்பது என்பது ஒவ்வொரு மாடியிலும் ஒரு கடையை இழப்பதற்குச் சமம்.

ஆகவே, விதியைத் தளர்த்தக் கோரும் விண்ணப்பங்கள் நாடெங்கும் எழுகின்றன. அவற்றில் எது நியாயமானது, எது பேராசை, அதை யார் முடிவு செய்வது, அந்த முடிவு யாருக்குத் தெரிவிக்கப்படுகிறது என்பவைதான் இன்று விடை தேடும் கேள்விகள்.

அளவுகள் சொல்லும் கதை

தில்லியின் 2021ஆம் ஆண்டுக்கான பெருந்திட்டம் 2007 பிப்ரவரி 7-ல் அறிவிக்கையாக வெளியானது. மனையின் பரப்பு கூடக் கூட, விட வேண்டிய இடமும் கூடும் வகையில் அதில் அட்டவணை அமைந்துள்ளது. தனி வீட்டு மனைகள் நீங்கலான பிற கட்டடங்களுக்கு, 500 சதுர மீட்டருக்கு மேல் 2,000 சதுர மீட்டர் வரையிலான மனையில் முன்புறம் 6 மீட்டரும், மற்ற மூன்று புறங்களில் தலா 3 மீட்டரும் விட வேண்டும். 2,000 சதுர மீட்டரைத் தாண்டி 10,000 வரை உள்ள மனைக்கு முன்புறம் 9 மீட்டர், மற்ற புறங்களில் தலா 6 மீட்டர். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்டால் முன்புறம் 15 மீட்டர், மற்ற புறங்களில் தலா 9 மீட்டர்.

தாளில் ஒழுங்காகத் தெரியும் இந்த அட்டவணை, தரையில் எல்லோரையும் ஒரே மாதிரி நடத்துவதில்லை. 2,100 சதுர மீட்டர் பரப்புள்ள இரண்டு மனைகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று 42 மீட்டர் அகலமும் 50 மீட்டர் நீளமும் கொண்டது. நான்கு புறமும் விதிப்படி இடம் விட்ட பிறகு 30 மீட்டருக்கு 35 மீட்டர், அதாவது 1,050 சதுர மீட்டர் கட்டுவதற்குக் கிடைக்கும். இது மனையில் சரிபாதி. மற்றொன்று 20 மீட்டர் அகலமும் 105 மீட்டர் நீளமும் கொண்ட ஒடுங்கிய மனை. அதே விதிப்படி இடம் விட்டால் மிஞ்சுவது 8 மீட்டருக்கு 90 மீட்டர், அதாவது 720 சதுர மீட்டர் மட்டுமே. பரப்பு ஒன்று, விதி ஒன்று. ஆனால் ஒருவருக்கு 50 சதவீதம், மற்றவருக்கு 34 சதவீதம்.

இரண்டாவது மனைக்காரர் சலுகை கேட்டால் அதைப் பேராசை என்று ஒதுக்கிவிட முடியாது. பெருந்திட்டமே இதை உணர்ந்திருக்கிறது. அனுமதிக்கப்பட்ட தரைப்பரப்பை எட்ட முடியாத நிலையில், அட்டவணையில் அதற்கு முந்தைய பிரிவுக்கான அளவைப் பின்பற்றலாம் என்று அது வழிவிடுகிறது. அதற்கும் மேலாக, சிறப்புச் சூழ்நிலைகளில் திறந்தவெளி, தரைப்பரப்பு, உயரம் ஆகியவற்றைத் தளர்த்தும் அதிகாரத்தை தில்லி வளர்ச்சி ஆணையத்துக்கு (டி.டி.ஏ.) அளிக்கிறது.

"சிறப்புச் சூழ்நிலை' என்ற அந்த இரு சொற்களில்தான் அதிகாரம் முழுவதும் அடங்கியிருக்கிறது. முந்தைய பிரிவின் அளவைப் பின்பற்றினால், அந்த ஒடுங்கிய மனையில் பக்கவாட்டு இடைவெளி 6 மீட்டரிலிருந்து 3 மீட்டராகக் குறையும். கட்டுமானப் பரப்பு கூடும். ஆனால் உயரமான கட்டடத்தைச் சுற்றித் தீயணைப்பு வண்டி இயங்கத் தேவைப்படும் 6 மீட்டர் அகல வழி பக்கவாட்டில் மறைந்துவிடும். ஒருவருக்கு நியாயம் செய்யும் அதே தளர்வு, உள்ளே வேலை செய்வோருக்கும் அண்டைவாசிக்கும் ஆபத்தாகவும் மாறக்கூடும்.

தளர்வு கேட்பது குற்றமல்ல

விதித் தளர்வு கோருவோர் அனைவரும் விதிமீறுவோர் அல்லர். சாலை விரிவாக்கத்துக்காக மனையின் முன்பகுதியை இழந்தவர்கள் உண்டு. கோணலான மனைகள், உயரழுத்த மின்கம்பிகள் கடந்து செல்லும் மனைகள், நடுவே பழைய மரங்கள் நிற்கும் மனைகள் உண்டு. விதி வருவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே சுவரோடு சுவராகக் கட்டப்பட்ட பழைய கடைவீதிகள் உண்டு. பழைய தில்லியின் சாந்தனி சௌக்கில் இன்றைய அட்டவணையைக் கறாராகப் பின்பற்றினால், பெரும்பாலான சிறு மனைகளில் எதையும் புதிதாக எழுப்ப இயலாது.

தொழில் துறையினருக்கு வேறொரு வாதமும் உண்டு. ஆலைக்கும் வணிக வளாகத்துக்கும் வாங்கப்படும் விலையுயர்ந்த நிலத்தில் பெரும் பகுதியை விதிகளே வீணாக்குகின்றன என்பது அவர்களது நெடுநாள் முறையீடு. தொழில்களுக்கான கட்டுப்பாடுகளை மாநிலங்கள் தளர்த்த வேண்டும் என்று மத்திய அரசின் 2024-25ஆம் ஆண்டுப் பொருளாதார ஆய்வறிக்கையும் வலியுறுத்தியது. விதி காலத்துக்கு ஒவ்வாததாக இருந்தால் அதை எல்லோருக்குமாக மாற்றலாம். அது கொள்கை முடிவு. விதியை அப்படியே வைத்துக்கொண்டு ஒருவருக்கு மட்டும் தளர்த்துவது வேறு. அதற்குக் காரணம் சொல்லியாக வேண்டும்.

பெருந்திட்டத்தை மாற்றுவதற்கு, தில்லி வளர்ச்சிச் சட்டத்தின் (1957) 11-ஏ பிரிவு பொது அறிவிப்பையும், ஆட்சேபணைகளைக் கேட்பதையும் கட்டாயமாக்குகிறது. ஆனால், தனியொரு மனைக்கான தளர்வைப் பற்றிப் பேசும் பெருந்திட்டக் குறிப்பில், அண்டைவாசியின் கருத்தைக் கேட்க வேண்டும் என்ற வாசகம் இல்லை. அடுத்த வீட்டுச் சன்னலுக்கு வர வேண்டிய வெளிச்சம் குறையப்போகிறது என்ற செய்தி, அடித்தளம் தோண்டும் இயந்திரம் வந்த பிறகே அந்த வீட்டுக்காரருக்குத் தெரிய வருகிறது.

மும்பையும் ஹைதராபாதும்

இந்தச் சிக்கலை ஒவ்வொரு நகரமும் தன் வழியில் அணுகியிருக்கிறது. மும்பையின் 1991ஆம் ஆண்டு வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதிகளில், "நிரூபிக்கத்தக்க இடர்ப்பாடு' இருந்தால் விதிகளின் அளவுகளைத் தளர்த்தும் அதிகாரம் மாநகராட்சி ஆணையருக்கு அளிக்கப்பட்டது. பொதுச் சுகாதாரம், தீத் தடுப்பு, கட்டட உறுதி ஆகியவை பாதிக்கப்படக் கூடாது என்பது நிபந்தனை. நோக்கம் சரியானதே. நடைமுறையில், திறந்தவெளிப் பற்றாக்குறைக்குக் கட்டணம் வசூலித்துச் சலுகை வழங்குவது வழக்கமானது. விதிவிலக்கு, மாநகராட்சிக்கு வருவாய் தரும் இனமாயிற்று.

இந்த விருப்ப அதிகாரம் ஊழலுக்கு வழிவகுக்கிறது என்ற கண்டனம் முற்றியதைத் தொடர்ந்து, 2012 ஜனவரியில் விதிகள் திருத்தப்பட்டன. பால்கனி, பூச்செடி மேடை போன்ற பெயர்களில் கணக்கில் வராமல் போன பரப்புகள் கணக்கில் சேர்க்கப்பட்டன. அதற்கு ஈடாக, கட்டணம் செலுத்தி அனைவரும் பெறக்கூடிய கூடுதல் தளப்பரப்பு அறிவிக்கப்பட்டது. அதிகாரியின் மேசையில் தீர்மானிக்கப்பட்டதன் ஒரு பகுதி, அட்டவணைக்குள் கொண்டுவரப்பட்டது.

ஒருங்கிணைந்த ஆந்திரப் பிரதேசம் வேறு பாதையைத் தேர்ந்தது. ஹைதராபாதுக்கு 2006-லும், பின்னர் மாநிலத்தின் பிற நகரங்களையும் சேர்த்து 2012-லும் பிறப்பிக்கப்பட்ட அரசாணைகளின்படி, கட்டட அனுமதி பெறுபவர் கட்டுமானப் பரப்பில் 10 சதவீதத்தை உள்ளாட்சி அமைப்பிடம் ஈடாக வைக்க வேண்டும். விதிப்படி கட்டி முடித்துக் குடியேற்றச் சான்று பெற்ற பிறகே அந்தப் பகுதி விடுவிக்கப்படும். சாலை விரிவாக்கத்துக்கு நிலத்தை இலவசமாக ஒப்படைப்பவர்களுக்குத் திறந்தவெளி அளவில் சலுகை உண்டு. பொது நலனுக்காக இழந்தவருக்கு ஈடு, மீறுபவருக்கு முன்கூட்டியே கடிவாளம் என்ற இந்த ஏற்பாட்டின் தர்க்கம் தெளிவானது. ஆனாலும், இவ்வளவு கடிவாளங்களுக்குப் பிறகும் அங்கே விதிமீறல்கள் நின்றுவிடவில்லை. கட்டடங்களை வரன்முறைப்படுத்தும் திட்டங்கள் மீண்டும் மீண்டும் அறிவிக்கப்பட்டன.

முன் அனுமதியும் பின் மன்னிப்பும்

சிக்கலின் மையம் இங்கேதான் உள்ளது. கட்டுவதற்கு முன்பு காரணத்தைக் கூறித் தளர்வு கேட்பது ஒரு வழி. கட்டி முடித்துவிட்டு அபராதம் செலுத்தி வரன்முறைப்படுத்துவது இன்னொரு வழி. முதல் வழி நீண்டது. பல அலுவலகங்களின் படியேற வேண்டும். நிராகரிக்கப்படும் அபாயமும் உண்டு. இரண்டாவது வழியில், அரசின் அடுத்த மன்னிப்புத் திட்டம் வரும் வரை காத்திருந்தால் போதும். நேர்மையாக விண்ணப்பிப்பவர் வட்டி கட்டிக்கொண்டு காத்திருக்க, மீறிக் கட்டியவர் வாடகை வாங்கிக்கொண்டிருப்பார் என்றால், எந்த வணிகர் முதல் வழியைத் தேர்ந்தெடுப்பார்?

குஜராத்தில் வரன்முறைச் சட்டங்கள் 2001, 2011, 2022 என மூன்று முறை கொண்டுவரப்பட்டன. "இம்முறை மட்டும்' என்ற உறுதிமொழி ஏறத்தாழப் பத்தாண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்கப்பட்டிருக்கிறது.

கர்நாடகத்தில் "அக்ரம-சக்ரம' என்ற பெயரில் 2014-ல் விதிகள் வகுக்கப்பட்டன. திறந்தவெளி, தளப்பரப்பு விதிகளைக் குடியிருப்புகள் 50 சதவீதம் வரையிலும், வணிகக் கட்டடங்கள் 25 சதவீதம் வரையிலும் மீறியிருந்தால் கட்டணம் செலுத்தி வரன்முறைப்படுத்தலாம் என்றது அத்திட்டம். வீட்டுக்கும் கடைக்கும் வேறுபாடு காட்டியது அதன் சிறப்பு. 2016 டிசம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றம் அதற்கு ஒப்புதல் அளித்தது. ஆனால் 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. மீறல் நடந்த பிறகு அதை விலைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்ற கொள்கை சட்டத்துக்கு உகந்ததா என்பதே அவ்வழக்கின் அடிப்படைக் கேள்வி.

நீதிமன்றங்கள் வகுத்த கோடு

இந்தக் கேள்விக்கு உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் படிப்படியாகப் பதில் கூறியுள்ளது. ஒரிசாவின் கட்டாக் நகரில் ஒரு அடுக்குமாடிக் கட்டடம் தொடர்பான வழக்கில் 2004 நவம்பரில் வழங்கப்பட்ட தீர்ப்பு இதில் முக்கியமானது. நல்லெண்ணத்துடனோ, தவறான புரிதலாலோ நேர்ந்த விலகல்களையும், இடிப்பதால் விளையும் நன்மையைவிடத் தீமை அதிகமாக இருக்கும் விலகல்களையும் மட்டுமே மன்னிக்கலாம் என்று அது கூறியது. வேண்டுமென்றே மீறியவரிடம் கடுமை காட்ட வேண்டும். சொந்தக் குடியிருப்புக்காகக் கட்டும் தனிநபரையும் கட்டுமானத்தையே தொழிலாகக் கொண்டவரையும் ஒரே தராசில் நிறுக்கலாகாது. கண்ணை மூடிக்கொண்ட அதிகாரிகளும் பொறுப்பேற்க வேண்டும் என்பவை அத்தீர்ப்பின் சாரம்.

நொய்டாவில் சூப்பர்டெக் நிறுவனத்தின் இரட்டைக் கோபுரங்கள் தொடர்பான வழக்கு, இடைவெளி விதியின் வலிமையை நாடு முழுவதும் உணர்த்தியது. கட்டடங்களுக்கு இடையே 16 மீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் 9 மீட்டரே விடப்பட்டதும், ஏற்கெனவே குடியிருந்தவர்களின் ஒப்புதல் பெறப்படாததும் மீறல்களாகக் கண்டறியப்பட்டன. அந்தத் திட்டத்துக்கு நொய்டா ஆணையமே அனுமதி அளித்திருந்தது என்பது குறிப்பிடத்தக்கது. அதிகாரிகளும் கட்டுமான நிறுவனமும் கைகோத்துச் செயல்பட்டதைச் சுட்டிக்காட்டி, 2021 ஆகஸ்ட் 31-ல் இடிக்க உத்தரவிட்டது உச்ச நீதிமன்றம். ஏறத்தாழ 100 மீட்டர் உயரக் கோபுரங்கள் 2022 ஆகஸ்ட் 28-ல் 3,700 கிலோ வெடிமருந்தால் சில விநாடிகளில் தரைமட்டமாயின. வழக்குத் தொடுத்துப் போராடியவர்கள், அதே வளாகத்தில் வசித்த சாமானிய வீட்டுக்காரர்கள்.

உத்தரப் பிரதேசத்தின் மீரட் நகரில், குடியிருப்பு மனையில் எழுந்த கடைகள் தொடர்பான வழக்கில் 2024 டிசம்பர் 17-ல் வந்த தீர்ப்பு மேலும் ஒரு படி சென்றது. வரன்முறைத் திட்டங்கள் அசாதாரணச் சூழ்நிலைகளில், ஒரே ஒரு முறைக்கான ஏற்பாடாக, குடியிருப்பு வீடுகளுக்காக மட்டுமே கொண்டுவரப்பட வேண்டும் என்று அது அறிவுறுத்தியது. பணி முடிவுச் சான்று இல்லாத கட்டடத்துக்கு மின்சாரம், குடிநீர் இணைப்பு கூடாது. வங்கிகள் அச்சான்றைச் சரிபார்த்த பிறகே கடன் வழங்க வேண்டும். அங்கீகரிக்கப்படாத கட்டடத்தில் வணிகம் நடத்த உரிமம் தரக் கூடாது. அனுமதிக்கப்பட்ட வரைபடத்தைக் கட்டுமான இடத்தில் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று நாடு முழுமைக்கும் பொருந்தும் கட்டளைகளை அது பிறப்பித்தது.

அதற்கு ஒரு மாதம் முன்பு, 2024 நவம்பர் 13-ல், "புல்டோசர் நடவடிக்கை' தொடர்பான வழக்கில் அதே நீதிமன்றம் மறுபக்கத்தையும் கவனித்தது. முன்னறிவிப்பின்றி இடிக்கக் கூடாது. குறைந்தது 15 நாள் அவகாசம் தர வேண்டும். நேரில் விளக்கமளிக்க வாய்ப்புத் தர வேண்டும். மீறல் அபராதத்துடன் சரிசெய்யத்தக்கதா, அல்லவெனில் இடிப்பது ஒன்றே வழியாவது ஏன் என்பதை உத்தரவில் பதிவு செய்ய வேண்டும் என்றது. சலுகைக்கும் காரணம் வேண்டும், தண்டனைக்கும் காரணம் வேண்டும் என்பதே இவ்விரு தீர்ப்புகளையும் இணைக்கும் இழை.

சீல் வைப்பும் சட்டக் கவசமும்

தில்லியின் அனுபவம், காரணமற்ற சலுகை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குச் சான்று. குடியிருப்புப் பகுதிகளில் பெருகிய வணிகப் பயன்பாட்டை எதிர்த்த வழக்கில், 2006 பிப்ரவரி 16-ல் உச்ச நீதிமன்றம் கடும் உத்தரவு பிறப்பித்தது. மார்ச் மாதத்தில் கண்காணிப்புக் குழு அமைக்கப்பட்டு, கடைகளுக்கு சீல் வைக்கும் பணி தொடங்கியது. வணிகர்கள் கடையடைப்பு நடத்தினர். மே மாதம் நாடாளுமன்றம் ஓராண்டு பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. ஆயினும் சீல் வைப்பு நின்றபாடில்லை. செப்டம்பர் 20-ல் சீலம்பூரில் வெடித்த வன்முறையிலும் போலீஸ் நடவடிக்கையிலும் நால்வர் உயிரிழந்தனர்.

அடுத்து வந்த பெருந்திட்டம், அறிவிக்கப்பட்ட சாலைகளில் கலப்புப் பயன்பாட்டை அனுமதித்தது. அந்தச் சாலைகளில் உள்ள மனைகளின் முன்புறத் திறந்தவெளிக்குச் சுற்றுச்சுவர் கூடாது, அதை வாகன நிறுத்தத்துக்குப் பயன்படுத்த வேண்டும் என்ற நிபந்தனையையும் விதித்தது. பொதுமக்களுக்கு ஏதேனும் திருப்பித் தந்துவிட்டுச் சலுகை பெறு என்ற இந்த அணுகுமுறை வரவேற்கத்தக்கதே.

ஆனால், ஓராண்டுக்கு என்று தொடங்கிய சட்டக் கவசம் முடிவுக்கு வரவில்லை. வெவ்வேறு பெயர்களில் அது மீண்டும் மீண்டும் புதுப்பிக்கப்பட்டது. கடைசியாக 2023 டிசம்பரில் மூன்றாண்டுகளுக்கு, அதாவது 2026 டிசம்பர் 31 வரை, நீட்டிக்கப்பட்டது. காங்கிரஸ் கூட்டணி அரசும், பாஜக கூட்டணி அரசும் இதில் ஒரே பாதையில்தான் நடந்தன. தில்லியின் நிலம் மத்திய அரசின் பொறுப்பில் இருப்பதால், ஒரு கடையின் சுவர் எங்கே நிற்க வேண்டும் என்பதை நாடாளுமன்றம் முடிவு செய்யும் விந்தை இங்கு மட்டுமே உண்டு. 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் நகரத் திட்டமிடலையும் கட்டட ஒழுங்குமுறையையும் உள்ளாட்சிகளுக்கு உரியனவாகப் பட்டியலிட்டு மூன்று பத்தாண்டுகள் கடந்துவிட்ட பின்னரும் இதுதான் நிலை.

தமிழகத்துக்குப் புதிதல்ல

விலக்கு அளிக்கும் அதிகாரத்துக்கு எல்லை எது என்பதை உச்ச நீதிமன்றம் விரிவாக ஆராய்ந்ததே தமிழகத்து வழக்கில்தான். தமிழ்நாடு நகர், ஊரமைப்புச் சட்டத்தின் (1971) 113ஆவது பிரிவு, எந்தக் கட்டடத்துக்கும் விதிவிலக்கு அளிக்க அரசுக்கு அதிகாரம் தருகிறது. 1987-88-ல் பிறப்பிக்கப்பட்ட 62 விலக்கு ஆணைகளை எதிர்த்து நுகர்வோர் அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கில், 2000 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. அதிகாரம் செல்லும், ஆனால் சட்டத்தின் நோக்கத்துக்கு உட்பட்டு, காரணங்களைப் பதிவு செய்து, அரிதாகவே அதைப் பயன்படுத்த வேண்டும் என்றது நீதிமன்றம். 1999 பிப்ரவரி 28 வரையிலான மீறல்களுக்கு மன்னிப்பளித்த 113-ஏ பிரிவை, ஒரு முறை ஏற்பாடு என்ற அளவில் அது ஏற்றுக்கொண்டது. அந்தக் கெடு பின்னர் நீட்டிக்கப்பட்டபோது, 2006-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த நீட்டிப்புகளைச் செல்லாதென அறிவித்தது.

கொடைக்கானலில் ஒரு ஓட்டலுக்கு அளிக்கப்பட்ட விலக்கு இன்னும் பெரிய அரசியல் வடிவம் எடுத்தது. அதன் கூடுதல் மாடிகள் தொடர்பான வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. விலக்கு ஆணை தொடர்பான ஊழல் வழக்கில், முதலமைச்சராக இருந்த ஜெயலலிதாவுக்கு 2000 பிப்ரவரியில் தண்டனை விதிக்கப்பட்டது. 2001 டிசம்பரில் உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. ஒரு கட்டட விதிவிலக்கு, ஓர் ஆட்சியின் வரலாற்றிலேயே இடம்பெற முடியும் என்பதைத் தமிழக வாசகர்கள் அறிவர்.

உயிர்களின் கணக்கு

விதித் தளர்வு என்பது வெளிச்சத்தையும் வாகன நிறுத்தத்தையும் மட்டும் பொறுத்ததாக இருந்தால், இதை வணிகர்களுக்கும் அண்டைவாசிகளுக்கும் இடையிலான தகராறு என்று விட்டுவிடலாம். தில்லியின் அனுபவம் அப்படி விட இடம் தரவில்லை.

கிரீன் பார்க் பகுதியின் உபஹார் திரையரங்கில் 1997 ஜூன் 13-ல் ஏற்பட்ட தீ விபத்தில் 59 பேர் மூச்சுத் திணறி மாண்டனர். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-ல், தில்லியின் திரையரங்குகளில் கூடுதல் இருக்கைகள் போட விதி தளர்த்தப்பட்டது. 1979-ல் அந்தத் தளர்வு திரும்பப் பெறப்பட்டது. ஆனால் கூடுதல் இருக்கைகளில் ஒரு பகுதி அங்கே தொடர்ந்து நீடித்தது. பால்கனியின் ஒரு புறத்தில் இருந்த வெளியேறும் வழி இருக்கைகளால் அடைபட்டிருந்ததே உயிரிழப்பு பெருகக் காரணம் என்று நீதிமன்றங்கள் கண்டன. உரிமையாளர்களை 2014-ல் குற்றவாளிகள் என உறுதி செய்த உச்ச நீதிமன்றம், 2015-ல் தலா ரூ. 30 கோடி அபராதம் விதித்து, ஏற்கெனவே அனுபவித்த சிறைவாசத்தோடு தண்டனையை முடித்துக்கொண்டது.

2019 டிசம்பர் 8-ல் அனாஜ் மண்டியில் ஒரு கட்டடத்துக்குள் இயங்கிய சிறு தொழிற்கூடங்களில் தீப்பிடித்தபோது 43 தொழிலாளர்கள் உயிரிழந்தனர். தீயணைப்பு வண்டிகள் நெருங்க முடியாத அளவுக்குச் சந்து குறுகியிருந்தது. 2022 மே 13-ல் முண்ட்காவில் நான்கு மாடி வணிகக் கட்டடம் எரிந்ததில் 27 பேர் பலியாயினர். 2024 ஜூலை 27-ல் பழைய ராஜிந்தர் நகரில், பொருள் வைப்பதற்கென அனுமதி பெற்ற அடித்தளத்தில் பயிற்சி மைய நூலகம் நடத்தப்பட்டு, மழைவெள்ளம் புகுந்து மூன்று மாணவர்கள் இறந்தனர்.

இவை எல்லாம் திறந்தவெளி விதியை மீறியதால் மட்டும் நேர்ந்தவை அல்ல. ஆனால் ஒவ்வொன்றிலும், மனிதர்கள் வெளியேறவோ, உதவி உள்ளே வரவோ விடப்பட்டிருக்க வேண்டிய இடம், வேறொரு பயனுக்குப் போயிருந்தது.

செய்ய வேண்டியது என்ன?

தளர்வே கூடாது என்பது நடைமுறைக்கு ஒவ்வாது. ஒடுங்கிய மனைக்காரருக்கும், சாலைக்கு நிலம் கொடுத்தவருக்கும் சட்டம் வழிகாட்டியே ஆக வேண்டும். மூடிய அறையில் தரப்படும் தளர்வுதான் சிக்கல்.

இதற்குப் புதிய சட்டம் தேடி அலைய வேண்டியதில்லை. நீதிமன்றத் தீர்ப்புகளிலும், பல நகரங்களின் விதிகளிலும் தீர்வுகள் சிதறிக் கிடக்கின்றன. தளர்வுக்கான விண்ணப்பத்தை இணையத்திலும் மனையின் முன்பும் அறிவிக்கலாம். எல்லையைப் பகிர்ந்துகொள்ளும் அண்டைவாசிகளுக்கு ஆட்சேபிக்க அவகாசம் தரலாம். இடர்ப்பாடு மனையின் அமைப்பால் நேர்ந்ததா, உரிமையாளரே வரவழைத்துக்கொண்டதா என்பதைத் தீர்மானிக்க அளவுகோல் வகுக்கலாம். தீயணைப்பு வழியை எந்தக் கட்டணத்துக்கும் விலைபேச முடியாததாக ஆக்கலாம். முடிவையும் காரணத்தையும் வெளியிடலாம். குறித்த நாள்களுக்குள் முடிவு சொல்லப்பட்டால், நேர்மையான விண்ணப்பதாரர் மீறிக் கட்டும் ஆசைக்கு ஆளாக மாட்டார்.

இவற்றில் எதற்கும் பெரும் செலவில்லை. ஆனால், விலக்கு என்பது வேண்டியவருக்கு வழங்கும் பரிசாகவும், வரன்முறை என்பது தேர்தலுக்கு முந்தைய சலுகையாகவும் இருக்கும் வரை, எந்த அரசுக்கும் இதில் அவசரம் இருக்காது. 2026 டிசம்பர் 31 என்ற கெடு, தில்லியின் சட்டக் கவசத்துக்கு மட்டும் விதிக்கப்பட்ட கெடு அன்று. மீண்டும் ஒரு முறை நீட்டிப்பதா, விதியையும் விலக்கையும் ஒழுங்குபடுத்துவதா என்பதை ஆட்சியாளர்கள் மக்களுக்குச் சொல்ல வேண்டிய கெடுவும் அதுவே.